பூசணி இஞ்சி பியரில் கறுவா, கராம்பு வாசம் நிற்குதில்லை: எப்ப போடுறது, எவ்வளவு போடுறது?

கல்லடிக்கரை:

நத்தாருக்குப் போடுற இஞ்சி பியரில பூசணிக்காயும் சேர்த்து, மேல்நாட்டுப் பூசணிப் பியரில வாற மாதிரி கறுவா, கராம்பு, சாதிக்காய் வாசம் தூக்கலா வர வேணும் எண்டு பார்க்கிறன். இஞ்சிக் காரம் இருக்கு, பூசணி நிறமும் நல்லா இருக்கு. சரக்கு வாசம் மட்டும் பிடிபடுதில்லை.

5 லீற்றருக்குப் போடுற அளவு: தோல் சீவின பூசணி 1 கிலோ, பச்சை இஞ்சி 250 கிராம், சிவப்புச் சீனி 450 கிராம், தேசிக்காய் 4, கறுவாத்தூள் 2 தேக்கரண்டி, கராம்பு 6, சாதிக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி. எல்லாத்தையும் ஒரே பானையில போட்டு மூடாமல் ஒரு மணித்தியாலம் கொதிக்க வெச்சு, ஆறினதும் மல்துணியில வடிச்சு, 250 மில்லிலீற்றர் இஞ்சி உறை ஊத்தி ரெண்டு நாள் வெச்சுப் போத்தலில அடைக்கிறது. உறை எண்டு சொல்றது துருவின இஞ்சி, சீனி, தண்ணி சேர்த்து நுரைக்க வெக்கிற அதுதான், கடை ஈஸ்ட் இல்லை.

கொதிக்கக்குள்ள வீடு முழுக்க வாசம். ஆறின பிறகு ருசி பார்த்தாலும் பரவாயில்லை. போத்தலைத் திறந்தால் ஒண்டுமில்லை. அடியில சளி மாதிரி ஒரு படிவு வேற. சரக்கை ரெண்டு மடங்காக்கினால் சரிவருமா, இல்லாட்டி போடுற நேரம்தான் பிழையா?

படுவான்கரை:

ரெண்டு மடங்காக்க வேணாம். இதே நேரத்தில இதே மாதிரிப் போட்டால் கயர்ப்புத்தான் ரெண்டு மடங்காகும்.

கறுவாவிலயும் கராம்பிலயும் வாசம் தாறது ஆவியாகிப் போற எண்ணெய்கள். கறுவாவில முக்கியமானது சின்னமல்டிகைட்டு, கராம்பில யூஜினோல். ரெண்டும் தண்ணியில லேசில கரையாது, நீராவியோட மட்டும் சுகமாப் போயிரும். கறுவா எண்ணெய் வடிக்கிற இடங்களிலயும் இதைத்தான் செய்யிறாங்க: நீராவியால எண்ணெயைக் கிளப்பி, குழாயில குளிர வெச்சுப் பிடிக்கிறது. மூடாத பானையில ஒரு மணித்தியாலம் கொதிக்கக்குள்ள எண்ணெய் அதே மாதிரிக் கிளம்புது, பிடிக்கிற குழாய்தான் இல்லை. வீடு முழுக்க மணந்தது பானையை விட்டுப் போன வாசம்.

மிச்சம் நொதித்தலில போகுது. காபனீரொட்சைட்டு குமிழ் விட்டு மேல வரக்குள்ள வாசத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். பூசணிச் சக்கையும் ஈஸ்டும் அடியில படியக்குள்ள எண்ணெயில ஒரு பங்கு அதுகளில ஒட்டிக்கொண்டு இறங்கும். அதோட, ஆக்கள் கணக்கில எடுக்காத ஒரு விசயம் இனிப்பு. கறுவா வாசத்தை நாங்க இனிப்போட சேர்த்துத்தான் பழகியிருக்கிறம். சீனி நொதிச்சுக் குறைஞ்சு புளிப்பு ஏறினால், போட்ட கறுவா அப்படியே இருந்தாலும் நாக்குக்குப் பாதியாத்தான் தெரியும்.

அதனால சரக்கை ரெண்டாப் பிரிங்க. ஒரு பங்கு அடுப்பில, மற்றப் பங்கு நொதிச்சு முடிஞ்ச பிறகு.

அடுப்புப் பங்கு: பூசணியை விரல் மொத்தத்துக்கு வெட்டி, தாச்சியில எண்ணெயில்லாமல் ஓரம் நல்லாச் சிவக்கும் வரைக்கும் வறுங்க. வெறுமனே அவிச்ச பூசணியில நிறமும் கொழகொழப்பும்தான் வரும், ருசி பெரிசா வராது. வறுத்த பூசணி, நசுக்கின இஞ்சி 250 கிராம், தட்டின வேர்க்கொம்பு 10 கிராம், தண்ணி நாலரை லீற்றர். இது 20 நிமிசம் மெல்லக் கொதிக்கலாம். இஞ்சியின்ட காரம் ஆவியோட போறதில்லை, கொதியைத் தாங்கும். வேர்க்கொம்பு ஏன் எண்டால், இஞ்சி காயக்குள்ள அதிலுள்ள சிஞ்சரோல் அதைவிடக் காரமான சோகோலா மாறுது, கொஞ்சம் போட்டாலே தொண்டையில பிடிக்கும்.

15ஆவது நிமிசத்தில முறிச்ச கறுவா 10 கிராம் போட்டு மூடியை இறுக்கி மூடுங்க. 20ஆவது நிமிசத்தில அடுப்பை நிப்பாட்டி, சீனி, கராம்பு 5, தட்டின ஏலக்காய் 4 போட்டுக் கலக்கி உடனே மூடுங்க. பிறகு பானையை ஒரு பெரிய பேசின் தண்ணிக்குள்ள இறக்கி வெச்சு, திறக்காமல் ஆற விடுங்க. திறக்கக்குள்ள மூடியின்ட உள்பக்கம் நிக்கிற துளிகளைத் துடைச்சிராதீங்க. மோந்து பாருங்க, பானைத் தண்ணியை விட அந்தத் துளியில வாசம் கூட. மூடியைச் சாய்ச்சு அதைப் பானைக்குள்ளயே வடிய விடுங்க. 35 பாகைக்குக் கீழ இறங்கினதும் வடிச்சு, தேசிக்காய்ச் சாறும் உறையும் சேர்த்து, துணியால மூடி வெக்கலாம்.

மற்றப் பங்கு, சாறு: கறுவா 10 கிராம், கராம்பு 5, அப்பவே துருவின சாதிக்காய் அரைத் தேக்கரண்டி, சீனி 50 கிராம், தண்ணி 300 மில்லிலீற்றர். சின்னச் சட்டியில மூடிப் போட்டு, கொதி வந்ததும் நெருப்பைக் குறைச்சு 10 நிமிசம், பிறகு மூடினபடியே ஆறும் வரைக்கும். மல்துணியை நாலா மடிச்சு வடிச்சால் 250 மில்லிலீற்றர் மட்டில கிடைக்கும். இதைப் போத்தலில அடைக்கிற அண்டுதான் கலக்கிறது.

எவ்வளவு கலக்கிறது எண்டதைக் கண்மட்டத்தில தீர்மானிக்காதீங்க. பாமசியில ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒண்டு வாங்குங்க. நாலு கிளாசில 100 மில்லிலீற்றர் வீதம் பியரை எடுத்து, 1, 2, 3, 4 மில்லி எண்டு சாறு விட்டு, குளிர வெச்சுப் பத்து நிமிசம் கழிச்சுக் குடிச்சுப் பாருங்க. 100க்கு 1 மில்லி எண்டால் 5 லீற்றருக்கு 50 மில்லி, 3 எண்டால் 150. சூட்டில ருசி பார்த்து அளவு பிடிச்சால் குளிர்ந்த பிறகு குறைஞ்சு போகும், அதனாலதான் குளிர வெக்கச் சொல்றன். ரெண்டு கிளாசுக்கு நடுவில மனசு தடுமாறினால் குறைஞ்சதை எடுங்க. கராம்பு நாக்கில மெதுவாத்தான் ஏறும், ஏறினால் இறக்க வழியில்லை.

சளிப்படிவு கறுவாத்தூளால வாறது. தூள் தண்ணியை உறிஞ்சி ஊதிப் பசையாகும், மல்துணிக் கண்ணையும் அடைச்சிரும். பட்டையாப் போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. இன்னொரு காரணமும் இருக்கு: கறுவாவும் கராம்பும் நுண்ணுயிரை அடக்கிற சரக்கு. முழு அளவையும் ஆரம்பத்திலயே கொட்டினால் உறை மந்தமாகி நுரை பிந்தும்.

சரக்குமூட்டை:

மேல சொன்னது முழுக்கச் சரி. சரக்கைப் பற்றியும் கொஞ்சம் பார்க்க வேணும்.

அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து அளவு எடுத்திருந்தால் ஒரு விசயம். அங்க கடையில கறுவா எண்டு விக்கிறது பெரும்பாலும் கசியாப் பட்டை. மொத்தமான ஒரே பட்டை, கையால உடைக்கக் கஷ்டம், உறைப்பும் கூட. நம்மட நாட்டுக் கறுவா கடதாசி மாதிரி மெல்லிய பட்டை பல மடிப்பாச் சுருண்டு இருக்கும், விரலால நசுக்கினால் நொறுங்கும். வாசம் மென்மையானது, இனிப்பானது. அந்தக் குறிப்பில சொன்ன அளவையே நம்மட கறுவாவில போட்டால் மெல்லிசாத்தான் தெரியும், ஒண்டரை மடங்கு போடலாம். கசியாவில கூமரின் எண்ட பொருள் கூட, ஈரலுக்குக் கூடாது எண்டு அளவு பார்ப்பாங்க. நம்மட கறுவாவில அது மிகக் குறைவு எண்டபடியால கூட்டுறதுக்குப் பயமில்லை.

தூள் பக்கற்றை விட்டிருங்க. அரைச்ச நாளில இருந்து எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் கச்சான் காலத்து வெக்கையில தகரக் கூரைக்குக் கீழ கிடந்த பக்கற்றில நிறம்தான் மிஞ்சும். கறுவாவை வாங்கக்குள்ள ஒரு துண்டை முறிச்சு, முறிஞ்ச வாயை மோந்து பாருங்க. வெளிப்பக்கத்தை மோந்தால் கடையில உள்ள எல்லாச் சாமானின்ட வாசமும் கலந்து வரும்.

கராம்புக்குச் சோதனை: ஒரு கிளாஸ் தண்ணியில போடுங்க. எண்ணெய் உள்ள கராம்பு தாழும், இல்லாட்டி காம்பு கீழ, தலை மேல எண்டு நிமிர்ந்து நிக்கும். படுத்துக்கொண்டு மிதந்தால் எண்ணெய் எடுத்த கராம்பு, அதில பத்துப் போட்டாலும் ஒண்டும் வராது. தலையில இருக்கிற அந்தச் சின்ன உருண்டை உதிராமல் இருக்க வேணும்.

சாதிக்காயை ஓட்டோட வாங்கி, தேவைப்படக்குள்ள உடைச்சுத் துருவுங்க. துருவின கொஞ்ச நாளிலயே அதின்ட மேல்வாசம் போயிரும், மரத்தூள் மாதிரிக் கசப்புத்தான் நிக்கும். வாசம் காணாது எண்டு சாதிக்காயை மட்டும் அள்ளிப் போடாதீங்க. கூடப் போனால் தலைசுற்று, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும். 5 லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி, மிஞ்சினால் முக்கால். சாதிக்காய்க் கொட்டையைச் சுத்தி இருக்கிற வசுவாசி கிடைச்சால் பாதிச் சாதிக்காய்க்குப் பதிலா ஒரு இதழ் போட்டுப் பாருங்க, கசப்பு குறைவு.

குறிப்புகளில ஓல்ஸ்பைஸ் எண்டு வாறது இங்க லேசில கிடைக்காது. கராம்பு ரெண்டும் மிளகு ஏழெட்டும் கூடப் போட்டால் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

மட்டுநகர்_ஸ்காபுறோ:

இங்க கனடாவில வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம், அதனால பூசணிப் பியர் பக்கத்தில இருந்து சொல்றன். பூசணிப் பியர் எண்டு பேர் இருந்தாலும் அதில ஆக்கள் தேடுற வாசம் பூசணிக்காயின்டது இல்லை. பூசணி பை எண்ட பண்டத்துக்குப் போடுற கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்புதான் அது. பூசணி உடம்பையும் நிறத்தையும் தரும், அவ்வளவுதான்.

சரக்கை ரெண்டாப் பிரிக்கிறது இங்கயும் வழக்கம். கொதி முடியிற கடைசி 5 நிமிசத்தில, இல்லாட்டி அடுப்பை நிப்பாட்டின உடன ஒரு பங்கு. நொதிச்சு முடிஞ்ச பிறகு வொட்காவில ஊற வெச்ச சாறு மற்றப் பங்கு. அந்த எண்ணெய்கள் மதுசாரத்தில நல்லாக் கரையும், தண்ணியில லேசில கரையாது. 100 மில்லிலீற்றர் வொட்காவில முறிச்ச சரக்கை அஞ்சாறு நாள் ஊற வெச்சால் வாசம் முழுக்க இறங்கிரும். உங்களுக்கு அது தேவையில்லை. 5 லீற்றருக்கு மேல சொன்ன மூடின சட்டிச் சாறே காணும், அதோட நத்தார் மேசையில சின்னப் பிள்ளைகளும் குடிக்கிற சாமான். இலங்கையில அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில பியர் காய்ச்சுறது மதுவரிச் சட்டத்துக்கு மாறு எண்டதையும் மனசில வெச்சு, இஞ்சி பியரோட நிக்கிறதுதான் சரி.

இனிப்பைப் பற்றிப் படுவான்கரை சொன்னதை அழுத்திச் சொல்றன். பூசணிப் பியர் காய்ச்சிறவங்க மால்ட்டை, அதாவது முளைக்க வெச்சுக் காய வெச்ச பார்லியை, 67, 68 பாகைச் சுடுதண்ணியில ஊற வெக்கிறது அதுக்காகத்தான். அந்தச் சூட்டில ஈஸ்ட் தின்னாத சீனிகள் கூட மிஞ்சும், பியர் வரண்டு போகாது, சரக்கு வாசத்துக்குத் தாங்கல் கிடைக்கும். பியருக்குப் போடுற ஹொப்ஸ் எண்ட பூவின்ட கசப்பையும் குறைச்சுத்தான் வெப்பாங்க. இஞ்சி பியரில இதுக்கு ஒரே வழி, சீனி முழுக்க நொதிக்கிறதுக்கு முன்னால பிரிட்ஜில வெச்சு நிப்பாட்டுறது.

வடிக்கிற கஷ்டத்துக்கு ஒண்டு. பூசணி போட்டால் வடி அடைக்கிறது எல்லா இடத்திலயும் உள்ள பிரச்சினை. இங்க கடையில காசு குடுத்து நெல் உமி வாங்கிப் போடுறம். அம்பாறை, மட்டக்களப்பில உமிக்கு என்ன குறை? ரெண்டு கைப்பிடி உமியைத் தூசி போகக் கழுவி, அஞ்சு நிமிசம் அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, மல்துணியில பரப்பி அதுக்கு மேல வடிங்க. சக்கை உமியில தங்கும், தண்ணி இடைவெளியால இறங்கும். பிழிய வேணாம். பிழிஞ்சால் மாப்பொருள் கலங்கி வந்து போத்தல் அடியில படியும்.

சாய்ந்தமருது_அடுப்படி:

நொதிக்க வெக்கிற எந்த இஞ்சி பியரிலயும் மதுசாரம் கொஞ்சம் வரும், இது எங்கட பக்கத்து ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். கணக்கு இப்படி: லீற்றருக்கு 16, 17 கிராம் சீனி நொதிச்சால் ஏறத்தாழ 1 வீதம். 5 லீற்றருக்கு 450 கிராம் எண்டால் லீற்றருக்கு 90 கிராம், முழுக்க நொதிக்க விட்டால் 5 வீதம் தாண்டும். ரெண்டு நாளில முழுக்கப் போகாது எண்டாலும், இல்லை எண்டு சொல்ல ஏலாது.

துளியும் வேணாம் எண்டிறவங்களுக்குப் பாணியாக் காய்ச்சிச் சோடாவில கலக்கிறது நல்லம். வறுத்த பூசணி 500 கிராம், இஞ்சி 200 கிராம், வேர்க்கொம்பு 5 கிராம், தண்ணி 1 லீற்றர், 20 நிமிசம் மெல்லக் கொதி. கடைசி 5 நிமிசத்தில கறுவா 10 கிராம் போட்டு மூடி, அடுப்பை நிப்பாட்டிக் கராம்பு 4, சாதிக்காய் கால் தேக்கரண்டி. அரை மணித்தியாலம் மூடி வெச்சு வடிச்சு, 600 கிராம் சீனியைத் திரும்பக் கொதிக்க வெக்காமல் சூட்டிலயே கரைச்சு, ஆறினதும் தேசிக்காய்ச் சாறு 100 மில்லிலீற்றர். ஒரு பங்கு பாணிக்கு நாலு பங்கு குளிர் சோடா.

இதில குமிழால வாசம் போற கதையே இல்லை, இனிப்பும் முழுசா நிக்குது. அதனாலதான் சரக்கு படுவான்கரை சொன்னதில பாதி. அந்த அளவை அப்படியே போட்டால் கராம்பு நாக்கை மரக்க வெச்சிரும்.

ஒரு எச்சரிக்கை. பூசணி புளிப்பில்லாத காய். போத்தலில இறுக்கி அடைச்சு அலுமாரியில வெச்சால் பொட்டுலினம் எண்ட ஆபத்தான பற்றீரியா வளர இடமிருக்கு. பீஎச் அளவு 4.6க்குக் கீழ, அதாவது புளிப்புக் கூடவா, இருந்தால்தான் அது அடங்கும். தேசிக்காய்ச் சாற்றைக் குறைக்காதீங்க, பாணியைப் பிரிட்ஜில வெச்சு ஒரு கிழமைக்குள்ள முடிங்க.

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் நன்றி, சாய்ந்தமருது நானா சொன்ன பாணிக் கணக்கையும் எழுதி வெச்சிருக்கிறன். இன்னும் ரெண்டு கேள்வி. சாறு காய்ச்சாமல் போத்தலுக்குள்ளயே ஒரு கறுவாத்துண்டு, ஒரு கராம்பு எண்டு போட்டு அடைச்சால் என்ன? மற்றது, இப்ப வெக்கை கூட, ரெண்டு நாள் எண்ட கணக்கு சரியா?

படுவான்கரை:

போத்தலுக்குள்ள துண்டு போடாதீங்க. கறுவாவின்ட சுரசுரப்பான மேற்பரப்பில காபனீரொட்சைட்டு ஒட்டிக்கொண்டு நிக்கும். மூடியைத் திறந்த உடன எல்லாம் ஒரே நேரத்தில குமிழ் விட்டு, பாதிப் போத்தல் மேசையில கொட்டும். அதோட ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு ருசி. ஒண்டில கராம்பு தூக்கி நிக்கும், ஒண்டில ஒண்டும் தெரியாது. சாறாப் போட்டால் அஞ்சு லீற்றரும் ஒரே மாதிரி. அதையும் வடிச்சுத்தான் போட வேணும், சாதிக்காய்த் துருவல் உள்ள போனாலும் இதே பொங்கல்தான்.

நாளைக் கணக்கு வெக்காதீங்க, நுரையைப் பாருங்க. 32, 33 பாகையில நல்ல உறை ஊத்தினால் 24 மணித்தியாலத்திலயே மேல நுரை கட்டி, காதை வெச்சால் சிர்ரெண்டு கேட்கும். மாரியில மழை விட்டுப் பெய்யிற நாளில ரெண்டு நாளும் பிடிக்கும். ருசி பார்க்கக்குள்ள இனிப்பு தெளிவா இருக்க வேணும். இனிப்புப் போய்ப் புளிப்பு முன்னுக்கு வந்தால் பிந்திட்டீங்க.

போத்தல் சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தலா இருக்கட்டும். கண்ணாடி வேணாம். லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதிச்சால் ஒரு லீற்றர் பியருக்கு ஒரு லீற்றர் வாயு. கடைச் சோடாவில நாலு மட்டில இருக்கும், அதுக்கு 16 கிராம் போதும். உங்கட போத்தலுக்குள்ள அதைப்போல பல மடங்கு சீனி கிடக்குது, வெளிய விட்டு மறந்தால் கண்ணாடி வெடிக்கும். மேல ரெண்டு விரல் இடம் விட்டு அடைச்சு, காலையிலயும் பின்னேரமும் அமத்திப் பாருங்க. அமத்தினால் உள்ள போகாமல் கல்லு மாதிரி நிண்டால் உடன பிரிட்ஜுக்கு. இந்த வெக்கையில 12 மணித்தியாலத்திலயும் இறுகும். பிரிட்ஜில வெச்சாலும் நொதித்தல் முழுக்க நிக்காது, மெதுவாகும், அதனால பத்து நாளுக்குள்ள குடிச்சு முடிக்கிறது நல்லம்.

கராம்பு கூடிப்போனால், பல்லு வைத்தியரிட்டப் போன மாதிரி ஒரு வாசம் வரும். சீனி போட்டோ தேசிக்காய் விட்டோ அதை மறைக்க ஏலாது. சரக்கில்லாமல் இன்னொரு ரெண்டு லீற்றர் இஞ்சித் தண்ணி காய்ச்சி, அதையும் உறை ஊத்தி நுரைக்க வெச்சுக் கலந்து அளவைக் குறைக்கலாம். கறுவாவால வாற கயர்ப்பு வேற, அது பட்டையைக் கனநேரம் கொதிக்க விட்டதால இறங்கிற கயர். 10 நிமிசத்துக்கு மேல போகாட்டில் வராது.

பரிமாறக்குள்ள பிரிட்ஜில இருந்து எடுத்த உடன ஊத்தாமல் பத்து நிமிசம் வெளிய வெச்சு, ஐஸ் போடாமல் குடுங்க. ஐஸ் போட்டால் கறுவாதான் முதல் அடங்கும்.